கூரியரில் பூச்செடிக் கன்று வாங்குவது: எந்த மாதம், எந்த அளவு, வந்ததும் என்ன செய்வது?

உறையூர்_திண்ணை

வணக்கம். இடம் திருச்சி, உறையூர். வீட்டுக்குப் பின்பக்கம் 20க்கு 15 அடி மண்தரை. மதியம் 2 மணி வரைக்கும் வெயில் விழும். களிமண், மழை பெஞ்சா அரை நாள் தண்ணி நிக்கும். போர் தண்ணி, கொஞ்சம் உப்பு. வருஷா வருஷம் நாத்து வாங்கி நடுற சாமந்தி, கோழிக்கொண்டை எல்லாம் வேண்டாம். ஒருதடவை வெச்சா பல வருஷம் நின்னு பூக்கிற செடிகளா பார்க்கிறேன்.

கேட்ட ரகம் எல்லாம் உள்ளூர் நர்சரியில இல்ல. அதனால கூரியர்ல வாங்கலாம்னு ஒரு பட்டியல் போட்டிருக்கேன்: மதுரை மல்லி 4, ஜாதிமல்லி 2, முல்லை 1, பன்னீர் ரோஜா 2, ஒட்டு ரோஜா 3, ஹைப்ரிட் செம்பருத்தி 3, காகிதப்பூ 1, ஹைட்ரேஞ்சியா 1. கூடவே சம்பங்கிக் கிழங்கு 30, கண்வலிக் கிழங்கு 4.

தெரிஞ்சுக்க வேண்டியது இதுதான். இப்ப புரட்டாசி பாதி; இப்பவே ஆர்டர் போடலாமா, மழை முடியட்டுமா? சின்ன கன்னு நல்லதா, பூவோட இருக்கிற பெரிய செடியா? விக்கிறவங்ககிட்ட என்ன கேக்கணும்? பெட்டி வந்து சேர்ந்ததும் நேரா குழியில நட்டுடலாமா? மல்லின்னு சொல்லி வேற எதையாவது அனுப்பினா கன்னா இருக்கும்போதே கண்டுபிடிக்க முடியுமா?

பதியன்

பட்டியலில் முதலில் ஹைட்ரேஞ்சியாவை அடித்துவிடுங்கள். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு என்று குளிர்ந்த இடத்துச் செடி அது. திருச்சியில் தை மாதம் வரை இலையோடு நிற்கும், பங்குனி வெயிலில் போய்விடும். கெமேலியா, ஃபியூஷியா எல்லாமும் இப்படித்தான். மலை நர்சரிகளின் இணையப் பக்கத்தில் இவை அழகாக இருக்கும். சமவெளிக்கு ஆகுமா என்ற வரி மட்டும் அங்கே இருக்காது.

காலம்: சித்திரை, வைகாசி அறவே வேண்டாம். மூடிய டெலிவரி வண்டிக்குள் வெளி வெயிலைவிடப் பல டிகிரி சூடு ஏறும், கன்று பெட்டிக்குள்ளேயே வெந்துவிடும். உங்கள் ஊருக்கு நல்ல வாய்ப்பு இரண்டு. ஒன்று, ஆடி கடைசியிலிருந்து வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்கு முன்பு வரை. இன்னொன்று, மார்கழி தொடங்கி மாசி வரை. ஐப்பசி, கார்த்திகையில் மண் ஈரமாக இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் புயல் சின்னம் ஒன்று வந்தால் லாரி நிற்கும், மூன்று நாள் பார்சல் ஆறு நாள் ஆகும். அதோடு தண்ணீர் நிற்கும் களியில் இளங்கன்றை இறக்கினால் வேர் அழுகும். இந்த வாரமே ஆர்டர் போட முடியுமென்றால் போடுங்கள். இல்லையென்றால் மார்கழி. ஆயுத பூஜை, தீபாவளி வாரங்களையும் விட்டுவிடுங்கள். அப்போது எல்லாக் கிட்டங்கியிலும் பார்சல் தேங்கும்.

எந்த மாதமானாலும் "திங்கட்கிழமை அனுப்புங்கள்" என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். வியாழன், வெள்ளியில் கிளம்பும் பெட்டி ஞாயிறு முழுக்கக் கிட்டங்கியில் கிடக்கும். உங்கள் ஊர்க் கிளைக்கு வந்துவிட்டது என்று குறுஞ்செய்தி வந்தவுடன் நீங்களே போய் வாங்கிக்கொள்ளுங்கள். டெலிவரிப் பையன் மூட்டைக்குள் மாலை வரை வெயிலில் சுற்றுவது மிச்சமாகும். மல்லிக் கன்றுக்கு ஆம்னி பஸ் பார்சல் இன்னும் நல்லது. இரவு ஏற்றினால் காலையில் வந்துவிடும், குளிர்ந்த நேரத்திலேயே பயணம் முடிந்துவிடும்.

அளவு: எப்போதும் சின்னது. பூவோடு வரும் இரண்டடிச் செடிக்கு நீங்கள் கொடுக்கும் காசு இலைக்கும் பூவுக்கும் போகிறது, அந்த இரண்டும் வழியிலேயே உதிர்ந்துவிடும். 4க்கு 6 அங்குலப் பையில், ஒரு சாண் முதல் ஒன்றரைச் சாண் உயரத்தில், பையின் அடித்துளையில் வெள்ளை வேர் லேசாக எட்டிப் பார்க்கும் கன்றுதான் தாங்கும். வேர் அடியில் சுருண்டு பாய் மாதிரிப் பின்னியிருந்தால் அது பையில் கிடந்து பழசான செடி. அதையும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அனுப்புகூலிக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. பல கூரியர்காரர்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000ஆல் வகுத்து, எது அதிகமோ அதற்குக் கூலி போடுவார்கள். 45க்கு 20க்கு 20 பெட்டி என்றால் 18,000ஐ 5000ஆல் வகுக்க 3.6 கிலோ. உள்ளே ஒன்றரைக் கிலோ சரக்கு இருந்தாலும் 3.6 கிலோவுக்குத்தான் பில். அதே பெட்டியில் பெரிய செடி மூன்று போகும், சின்னக் கன்று எட்டு வரை போகும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: பை அளவு என்ன, கன்றுக்கு எத்தனை மாதம், வேர்விட்ட குச்சியா ஒட்டா, மண் செம்மண்ணா களியா தென்னைநார்க் கழிவா, எப்படிக் கட்டுவீர்கள், செத்து வந்தால் என்ன செய்வீர்கள். படத்தில் இருப்பது தாய்ச்செடி. அனுப்பப்போகும் கன்றின் படத்தைக் கேளுங்கள். அதை அனுப்பத் தயங்குகிற கடையில் வாங்காதீர்கள்.

களிமண்

கட்டுற முறைதான் பாதி விஷயம், அதை நான் சொல்றேன்.

நல்லா கட்டத் தெரிஞ்சவங்க அனுப்புறதுக்கு முந்தின நாள் தண்ணி விடுவாங்க, அன்னைக்கு காலையில விடமாட்டாங்க. வேர்க்கட்டி ஈரமா இருக்கணும், பிழிஞ்சா சொட்டக் கூடாது. அந்தக் கட்டியை மட்டும் பாலித்தீன்ல சுத்தி தண்டு அடியில கட்டணும். இலைப் பக்கம் பாலித்தீனே ஆகாது. பழைய செய்தித்தாள்ல தளர்வா சுருட்டி, பெட்டி ஓரத்துல கயிறோ டேப்போ போட்டு ஆடாம நிறுத்தணும். பெட்டியில அஞ்சாறு ஓட்டை. "இந்தப் பக்கம் மேலே"ன்னு எழுதினா எவனும் பார்க்கப்போறதில்ல, அதனால தலைகீழாப் போட்டாலும் மண் கொட்டாதபடி கட்டணும். இலை நனைஞ்சு இருட்டுல மூணு நாள் கிடந்தா பூஞ்சை பிடிச்சு கறுப்பு கறுப்பா அழுகும். வழியில சாகுற கன்னுல நிறைய வறட்சியில சாகுறதில்ல, இந்த அழுகல்லதான் போகுது.

பெட்டி வந்ததும்:

டேப்பை வெட்டுறதுக்கு முன்னாடியே போன்ல வீடியோ போடுங்க. பெட்டி மேல இருக்கிற முகவரிச் சீட்டு, ஆறு பக்கமும், அப்புறம் திறக்கிறது, எல்லாம் ஒரே ஓட்டத்துல. 24 மணி நேரத்துக்குள்ள வீடியோ இல்லேன்னா பல கடைங்க மாத்தித் தர்றதில்ல.

நிழல்ல வெச்சுப் பிரிங்க. தண்டைப் பிடிச்சு இழுக்காம பெட்டியோட ஒரு பக்கத்தையே கிழிச்சுடுங்க. மொட்டு, பூ எல்லாத்தையும் கிள்ளிடுங்க. ஒடிஞ்ச கிளையை கணுவுக்கு மேல வெட்டுங்க. ஒரு வாளியில தண்ணி வெச்சு பையோட முக்கி, குமிழி நிக்கிற வரைக்கும், சுமார் 10 நிமிஷம், வெச்சிருந்து எடுத்து வடியவிடுங்க. உங்க போர் தண்ணி உப்புன்னா இதுக்கு மட்டுமாவது குடிதண்ணி எடுத்துக்கங்க.

அப்புறம் வெளிச்சம் இருக்கிற, நேர் வெயில் படாத இடம். ஏழு நாள். அடுத்த வாரம் காலை 9 மணி வரை வெயில். மூணாவது வாரம் முழு வெயில். இருட்டுல இருந்து வந்த இலையைத் திருச்சி வெயில்ல ஒரே நாள்ல காட்டினா பொசுங்கிடும். துளிர் வர்ற வரைக்கும் உரம் எதுவும் கிடையாது. டிஏபி நாலு குருணைதானேன்னு போட்டு கன்னைக் கொல்றவங்க நிறைய. வேர் அடிபட்டிருக்கும்போது உப்பு ஏறினா இருக்கிற தண்ணியும் வேரை விட்டு வெளிய போயிடும்.

இலை கொட்டுறதைப் பார்த்து பயப்பட வேண்டாம். ஆனா எப்படிக் கொட்டுதுன்னு பாருங்க. மஞ்சளாகி, விரல் பட்டதும் காம்போட கழண்டு விழுந்தா, செடி தானா உதிர்க்குது, உயிர் இருக்குன்னு அர்த்தம். மூடின பெட்டியில எத்திலீன் வாயு சேர்றதால ரோஜா, செம்பருத்தி ரெண்டும் இப்படித்தான் பண்ணும். பச்சையாவே காஞ்சு சருகாகி, இழுத்தாலும் வராம தண்டுலயே தொங்கிட்டு இருந்தா அந்தக் கிளை செத்துடுச்சு. இலையைக் கழட்டிவிடக்கூட அதுல உயிர் மிச்சம் இல்ல. சந்தேகமா இருந்தா நகத்தால பட்டையை லேசா சுரண்டுங்க. உள்ள பச்சை, ஈரம் இருந்தா காத்திருங்க. பழுப்புன்னா பச்சை வர்ற இடம் வரைக்கும் கீழ கீழ வெட்டிட்டே போங்க.

பந்தக்கால்

களிமண் சொன்னதில் ஒன்றை ஒத்துக்கொள்ள முடியவில்லை. ஏழு நாள் அப்படியே வைப்பது பையோடு வரும் கன்றுக்குச் சரி. சின்னச் சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் வளர்த்த குழித்தட்டு நாற்றாக வந்தால் சரிவராது. அதில் இருப்பது ஒரு கைப்பிடிக்கும் குறைவான தென்னைநார்க் கழிவு, இந்தக் காற்றில் அரை நாளில் காய்ந்துவிடும். ஒருமுறை நன்றாகக் காய்ந்த நார்க்கழிவு பிறகு தண்ணீரை லேசில் உறிஞ்சாது. அவற்றை வந்த அன்றே 4 அங்குலத் தொட்டிக்கோ பைக்கோ மாற்றி நிழலில் வைக்க வேண்டும். நேராகப் பெரிய தொட்டிக்குப் போகாதீர்கள். சின்ன வேர் குடிக்க முடியாத அளவு ஈரம் சுற்றிலும் நின்றால் அழுகல்தான்.

மண்ணே இல்லாமல் வெறும் வேரோடு வரும் அடீனியம் இதற்கு நேர் எதிர். கேள்வியில் அது இல்லை, ஆனால் பலர் வாங்குவதால் சொல்கிறேன். அடிபட்ட வேரைச் சீவிவிட்டு, இரண்டு மூன்று நாள் நிழலில் காயம் ஆறவிட்டு, பிறகு காய்ந்த கலவையில் நட்டு, ஐந்தாறு நாள் கழித்துத்தான் தண்ணீர்.

இனி, யாரும் சொல்லாத பெரிய சிக்கல்: களிக் கட்டி. ஆந்திராவின் கடியம் போன்ற பெரிய நர்சரிப் பகுதிகளிலிருந்து வரும் செடிகளில் பல, ஒட்டுகிற களிமண் உருண்டையில் வரும். அவர்கள் பக்கம் அது நியாயம்தான்; பயணத்தில் உடையாது, ஈரம் காக்கும். நீங்கள் அதை அப்படியே மண்புழு உரமும் நார்க்கழிவும் கலந்த பொலபொலப்பான கலவைக்குள் வைத்துவிடுகிறீர்கள். ஊற்றும் தண்ணீர் பொலபொலப்பான பக்கமாக ஓடிவிடும், நடுவில் உருண்டை கல்லாகக் காயும். மேல்மண் ஈரமாகத் தெரியும், செடி வாடும், நீங்கள் இன்னும் தண்ணீர் ஊற்றுவீர்கள், சுற்றிலும் அழுகும். ஒரு ஈர்க்குச்சியைத் தண்டுக்கு ஒட்டி அடிவரை இறக்கி எடுங்கள். சுலபமாக இறங்காவிட்டாலோ, குச்சி காய்ந்து வந்தாலோ விஷயம் இதுதான்.

அதற்கு வழி: நடும் அன்று உருண்டையை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, வெளிப்பக்கக் களியில் மூன்றில் ஒரு பங்கை விரலாலேயே தண்ணீருக்குள் கரைத்துவிடுங்கள். மிச்சத்தில் நாலைந்து இடத்தில் குச்சியால் துளை போட்டு, அதில் நடும் கலவையையே நிரப்புங்கள். மல்லி, செம்பருத்தி, ரோஜாவுக்கு இது தாங்கும். காகிதப்பூவுக்கு மட்டும் செய்யவே கூடாது. அதன் வேர் மிக நொய்மை, உருண்டை உடைந்தால் செடி போச்சு. பையை பிளேடால் கீறி, உருண்டையைக் குழியில் வைத்த பிறகு பையை உருவுங்கள்.

உங்கள் தரையே களி என்பதால் ஒருவகையில் வசதி, உருண்டைக்கும் தரைக்கும் பேதம் குறைவு. தண்ணீர் நிற்பதுதான் வினை. குழியை ஒன்றரை அடி கன சதுரமாக எடுத்து, தோண்டிய மண்ணோடு மக்கிய தொழுவுரம் 10 கிலோ, மணல் ஒரு சட்டி, வேப்பம்புண்ணாக்கு 100 கிராம் கலந்து நிரப்பி, சுற்றுத் தரையைவிட ஒரு சாண் உயர மேடாக்கி, மேட்டின் மேல் நடுங்கள். குழியில் மணலை மட்டும் கொட்டாதீர்கள். சுற்றிலும் களி இருக்கும்போது அந்தக் குழி ஒரு தொட்டியாகி மழைத் தண்ணீரைப் பிடித்து வைக்கும். இடைவெளி: மதுரை மல்லிக்கு 4 அடி, முல்லைக்கும் ஜாதிமல்லிக்கும் 5 அடி. 20க்கு 15இல் உங்கள் பட்டியல் அடங்குமா என்று முதலில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பாருங்கள். எனக்கென்னவோ மல்லி இரண்டு குறையும் என்று படுகிறது.

களிமண்

நாத்துக்கு நீங்க சொல்றது சரி. நான் பைச் செடியை மனசுல வெச்சு எழுதினேன். காகிதப்பூவையும் குறிச்சுக்கிட்டேன்.

பதியன்

மல்லியை அடையாளம் காண்பதைப் பற்றி. பூ இல்லாமலேயே இலையை வைத்து வகையைப் பிரிக்கலாம்.

மதுரை மல்லி: ஒரு கணுவில் எதிரெதிராக இரண்டு இலை, ஒவ்வொன்றும் தனி இலை, அகன்ற முட்டை வடிவம். ஜாதிமல்லி, அதாவது தெற்கே பிச்சி என்பது: ஒரே காம்பில் இருபுறமும் சிற்றிலைகள், 5 முதல் 11 வரை, நுனிச் சிற்றிலை பெரிதாக இருக்கும். முல்லை: நடுவில் ஓர் இலை, அதன் அடியில் இரண்டு பக்கமும் காது மாதிரி மிகச் சின்ன இலைகள், சில கணுவில் அந்தக் காதுகூட இருக்காது. மூன்றையும் பக்கத்தில் வைத்தால் குழந்தைகூடச் சொல்லிவிடும்.

இலையைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வருகிறதா? அப்படியானால் அது மல்லிக் குடும்பமே இல்லை. "ஸ்டார் ஜாஸ்மின்" என்ற பெயரில் வெளிநாட்டுத் தோட்டங்களில் ஓடும் ஒரு கொடி இருக்கிறது. அரளிக் குடும்பம், பால் வரும். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட நட்சத்திர மல்லிகை கோ.1 வேறு, அது அசல் மல்லிகை. பெயர் மயக்கத்தில் ஒன்றுக்கு ஒன்று மாறி வரும்.

இலையால் பிரிக்க முடியாதது ஒன்று உண்டு. மதுரை மல்லியும் அடுக்கு மல்லியும் ஒரே இனம், கன்றில் ஒன்றுபோலவே இருக்கும். இங்கே விற்பவரின் சொல்தான். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு (ஜிஐ) கிடைத்தது. அது மதுரை வட்டாரத்தில் விளையும் பூவுக்குத்தான். கன்று விளம்பரத்தில் "ஜிஐ சான்று பெற்றது" என்று போட்டிருந்தால் அதற்காக இருபது ரூபாய் கூடக் கொடுக்காதீர்கள். இந்தக் கன்றுகள் பெருமளவில் உற்பத்தியாவது ராமேஸ்வரம் போகும் வழியில் உள்ள தங்கச்சிமடம் பக்கத்தில். மணலில் வேர்விட்ட குச்சிகள், பெரும்பாலும் கட்டுக் கட்டாகத்தான் விற்பனை. நாலு கன்றுக்கு அங்கிருந்து பார்சல் போட்டால் கூலி கட்டாது. அக்கம்பக்கத்தில் நாலு வீடு சேர்ந்தால் போடலாம்.

வேரைக் கட்டாயம் பாருங்கள். மல்லி வேரில் கடுகு, மிளகு அளவில் முண்டு முண்டாக இருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. அது ஒருமுறை தரைக்குள் இறங்கினால் போகாது, பிறகு கத்தரி, தக்காளி வைத்தாலும் பிடிக்கும். கொய்யாத் தோட்டங்களில் இந்தத் தொல்லை பெருகியதற்கு நர்சரிக் கன்றுகள் முக்கியக் காரணம். முண்டு உள்ள கன்றை மருந்து ஊற்றிக் காப்பாற்றப் பார்க்க வேண்டாம். படம் எடுத்துக் கடைக்கு அனுப்பிவிட்டு, செடியையும் மண்ணையும் எரித்துவிடுங்கள்.

செம்பருத்திக்கு மாவுப்பூச்சி. இலைக் கக்கம், ஒட்டு நாடாவின் உள்பக்கம், பையின் விளிம்பு மூன்றையும் பாருங்கள். வெள்ளைப் பஞ்சு தெரிந்தால் சானிடைசரில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள். செடி தெளிந்து நாலைந்து நாள் ஆனபின், மாலையில், லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசல் கொஞ்சம் கலந்து இலையின் அடிப்பக்கம் படும்படி அடியுங்கள். வந்த அன்றே அடித்தால் வாடிய இலை கருகும். புதிதாக வந்தது எதுவானாலும் இரண்டு வாரம் மற்ற செடிகளிலிருந்து தள்ளியே இருக்கட்டும். பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவையில் முதலில் தென்பட்டது. அடுத்த இரண்டு ஆண்டில் பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று எதையும் விடவில்லை. வெளியிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியை 2010இல் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது.

கிழங்குப்பை

கிழங்குகளை யாரும் தொடவில்லை, அதனால் அவற்றை மட்டும் எழுதுகிறேன். கூரியரில் வாங்க இவைதான் மிகச் சுலபம். தூங்கும் கிழங்குக்கு வெளிச்சமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், பத்து நாள் ஆனாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் தூங்கும் காலத்தில் வாங்கினால்தான்.

கண்வலிக் கிழங்கு, அதாவது செங்காந்தள், இப்போது வாங்காதீர்கள். இது ஆனி, ஆடியில் முளைத்து, மழைக்காலத்தில் பூத்து, காய் முற்றியபின் கொடி காய்ந்து கிழங்கு மண்ணுக்குள் தூங்கிவிடும். புரட்டாசியில் ஒருவர் கிழங்கு அனுப்புகிறார் என்றால், வளரும் கொடியை அறுத்துத் தோண்டி அனுப்புகிறார். அது மறுபடி எழும்புவது சந்தேகம். மாசி முதல் சித்திரைக்குள் வாங்கி, காய்ந்த மணலில் புதைத்து நிழலான அறையில் வைத்திருந்து, ஆனியில் நடுங்கள்.

இதை வாங்கும்போது எடையைவிட நுனியைப் பாருங்கள். கிழங்கு "வி" எழுத்துப்போலக் கவைத்து இருக்கும். ஒவ்வொரு கவையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண். உருளைக்கிழங்கு மாதிரி உடம்பெல்லாம் கண் கிடையாது. நுனி ஒடிந்தால் அந்தக் கவை முளைக்கவே முளைக்காது. கிழங்கோ மொறமொறவென்று ஒடியும் சாதி. அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் காகிதத்தில் சுற்றி, மரத்தூளோ நார்க்கழிவோ நிரப்பிய கெட்டி டப்பாவில் அனுப்பச் சொல்லுங்கள். பாலித்தீன் பையில் போட்டுக் குலுக்கி அனுப்பினால் நாலில் இரண்டு வீண். ஒவ்வொன்றும் 50, 60 கிராம் இருந்தால் முதல் ஆண்டே பூக்கும். நடும்போது கவையைப் படுக்கையாக வைத்து இரண்டு மூன்று அங்குல மண் மூடினால் போதும். கொடி இலைநுனியால் பற்றி ஏறும், அதற்குத் தடிக்கம்பு உதவாது; கம்பி வலையோ காய்ந்த முள்கிளையோ வையுங்கள். மூலனூர், வேதாரண்யம் பக்கம் விதைக்காகவே பயிர் செய்கிறார்கள். அந்த விவசாயிகளிடம் நேரடியாகக் கிழங்கு கிடைத்தால் அதைவிட நல்லது இல்லை.

செடி முழுக்க நஞ்சு, கிழங்கில் இன்னும் அதிகம். கால்சிசின். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பார்க்கச் சின்ன வள்ளிக்கிழங்கு மாதிரி இருப்பதால் அடுப்படிப் பக்கம் வைக்கவே வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைகளோ, மண்ணைத் தோண்டும் நாயோ இருந்தால் இந்தச் செடியையே விட்டுவிடுங்கள்.

சம்பங்கி இதைவிட எளிது. தோண்டி எடுத்து ஒரு மாதம் நிழலில் உலர்ந்த, 25 முதல் 30 கிராம் உள்ள, கெட்டியான கிழங்காகக் கேளுங்கள். அமுக்கினால் அமுங்குவது உள்ளே அழுகியது. மிகச் சின்னதாக இருப்பவை முளைக்கும், ஆனால் பூக்க ஓராண்டு கூடுதலாக இழுக்கும். "100 கிழங்கு இவ்வளவுதான்" என்று மலிவாக வருபவை பெரும்பாலும் இந்தப் பொடிசுகள். பிரஜ்வல், சிருங்கார் இரண்டும் பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒற்றை அடுக்கு ரகங்கள், மாலைக்கு ஏற்றவை. வரிசைக்கு வரிசை 45 செ.மீ., கிழங்குக்குக் கிழங்கு 20 செ.மீ., ஆழம் ஓர் அங்குலம். ஆனி, ஆடிதான் நடும் பட்டம், தை மாதமும் பாதகமில்லை. உங்கள் தரையில் தண்ணீர் நிற்பதால் மண்ணை வரிசையாக உயர்த்திய பாரின் மேல் நடுங்கள்.

உறையூர்_திண்ணை

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. ஹைட்ரேஞ்சியாவை எடுத்தாச்சு, கண்வலி மாசிக்குத் தள்ளியாச்சு. வீட்ல பிள்ளைங்க யாரும் இல்ல. மல்லி 4ஐ 2 ஆக்கிட்டேன்.

ரெண்டு சந்தேகம். ஒட்டு ரோஜா எப்படி இருக்கணும்னு யாரும் சொல்லல. அப்புறம் ஒரு பக்கத்துல நீல ரோஜா, ஒரே செடியில ஏழு நிறம் பூக்கிற ரோஜான்னு படம் போட்டு கன்னு 149 ரூபாய்னு ஓடுது. வெளிநாட்டு ரகம், தாய்லாந்துல இருந்து வருதுங்கிறாங்க. நிஜமா?

பந்தக்கால்

நீல ரோஜா கிடையாது. நீலத்துக்கு வேண்டிய டெல்ஃபினிடின் என்ற நிறமியை ரோஜாவால் செய்ய முடியாது. மரபணு மாற்றி அதை உருவாக்கிய ரோஜா 2009இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது, அதுவே பார்ப்பதற்கு வெளிர் ஊதாதான். 149 ரூபாய்க்கு வருவது சாயம் ஏற்றிய படம். ஏழு நிறமும் அப்படியே. தாய்லாந்து என்றால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து உயிர்ச்செடி வர 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். உங்கள் பெயருக்கு நேராக அங்கிருந்து பார்சல் வந்தால் பிடித்துவைக்கலாம், அழிக்கலாம், பணம் உங்களுடையது.

பதியன்

ரோஜாவுக்கு நான் சொல்கிறேன். பன்னீர் ரோஜா குச்சியிலேயே வேர்விடும், அதற்கு ஒட்டு தேவையே இல்லை. ஒட்டு என்று சொல்லிக் கூட விலை கேட்டால் வேண்டாம். மற்ற ரகங்கள் மொட்டு ஒட்டாக வரும், அதாவது வேறொரு ரோஜாவின் தண்டில் (அதுதான் அடிச்செடி) இந்த ரகத்தின் மொட்டை வைத்துக் கட்டியது. தரையிலிருந்து இரண்டு மூன்று அங்குலத்தில் ஒரு புடைப்பு, அதற்கு மேல் பக்கவாட்டில் கிளம்பிய ஒரு கிளை, வெட்டிய அடிச்செடியின் மொட்டைத் தலை, இது மூன்றும் தெரிய வேண்டும். ஒட்டிலிருந்து வந்த கிளை பென்சில் கனமாவது இருக்கட்டும். ஊதினால் ஆடுகிற துளிரோடு வந்தால் அது ஒட்டி ஓரிரு மாதமே ஆனது, பயணத்தில் புடைப்போடு பிய்ந்து வரும்.

நடும்போது புடைப்பு மண்ணுக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்க வேண்டும். புதைத்தால் களிமண் ஈரத்தில் அந்த இடம் அழுகும். புடைப்புக்குக் கீழிருந்து எது கிளம்பினாலும் அடிச்செடியின் போத்து. நீளநீளமாக, வேகமாக, வேறு இலை வடிவத்தில் வரும். கத்தரிக்கோலால் வெட்டினால் அதே இடத்தில் நாலாகக் கிளைக்கும். மண்ணைக் கொஞ்சம் விலக்கி, கிளம்பும் இடத்தோடு கீழ்நோக்கிப் பிய்த்துவிடுங்கள். "சிவப்பு ரோஜா வாங்கினேன், இரண்டாம் ஆண்டு வெள்ளையாகக் குட்டிக் குட்டியாகப் பூக்கிறது" என்று கேட்பவர்கள் வீட்டிலெல்லாம் நடந்தது இதுதான். மேல்ரகம் செத்து அடிச்செடி நிற்கிறது.

ஒட்டுக் கட்டிய பிளாஸ்டிக் நாடா சில கன்றில் அப்படியே இருக்கும். அதை இருக்கவிட்டால் தண்டு பருக்கும்போது கழுத்தை இறுக்கி, ஏழெட்டு மாதத்தில் ஒரு காற்றுக்கு அந்த இடத்திலேயே முறியும். அவசரப்பட்டு வந்த அன்றும் அவிழ்க்க வேண்டாம். புதுத் துளிர் ஒரு சாண் வந்தபின், பிளேடால் மொட்டு இருக்கும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் நாடாவை மட்டும் நீளவாட்டில் ஒரு கீறு கீறிவிடுங்கள். இழுத்துப் பிரிக்க வேண்டியதில்லை, தானாகக் கழன்றுவிடும்.